மகளின் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு படிவம்

1

சில மாதங்களுக்கு முன் மகளின் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுவிஸில் கடிதம் வருவது பெரிய விடயமில்லை. குப்பைப் பையைக் கிழமை மாறி வெளியே வைத்தாலும் கடிதம் வரும். ஆனால் இது என் மகள் நிலானியின் எடையைப் பற்றியது. அவளுக்குப் பதினான்கு வயது. பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் அவள் போன வருடத்தை விட மெலிந்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். விசாரித்தபோது, வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆகவே பெற்றோர் ஏழு நாட்களுக்கு ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டு, பிள்ளையோடு வந்து உணவு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும்.

வாசித்ததும் எனக்குக் கவலைக்கு முன் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு சமைப்பவன் நான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மனைவி சுகந்தி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். போன குளிருக்கு முன் அவளுடைய வேலை நேரம் மாறியது. பகல் இரண்டு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் முடியும். நான் பொதிகள் பிரிக்கும் இடத்தில் விடியப்புறம் தொடங்கி மதியத்தோடு திரும்பிவிடுவேன். மாலையில் வீட்டில் நானும் மகளும்தான். ஊரில், பெரியகல்லாற்றில் இருந்த காலத்தில் தேநீர் குடித்த கோப்பையைக் கூடக் கழுவாத நான், இப்போது ஒவ்வொரு நாளும் ஆறரை மணிக்குப் புட்டோ இடியப்பமோ சோறோ மேசையில் வைக்கிறேன். எல்லாம் ஊரில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டுப் படித்தது. அக்காவுக்கு அளவு சொல்லத் தெரியாது. "மாவத் தொட்டுப் பாரு, கைக்கு விளங்கும்" என்பாள். என் கைக்கு விளங்க ஐந்து மாதம் எடுத்தது.

அப்படிப் படித்துச் சமைத்ததைத்தான் இவள் சாப்பிடுவதில்லை என்று வைத்தியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

2

படிவத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து கட்டங்கள். பாண், உருளைக்கிழங்கு, பாஸ்தா, சோறு, மற்றவை. எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்றும் எழுத வேண்டும். திங்கட்கிழமை புட்டும் இறால் கறியும். புட்டு எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியவில்லை. படிவத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினார்.

"அது ஒரு வகைப் பாணா?"

"இல்லை."

"கேக்கா?"

"இல்லை."

"அப்படியானால் மற்றவையில் போட்டு, எப்படிச் செய்தது என்று எழுதுங்கள்."

எனக்குத் தெரிந்த டொச் மொழியில் எழுதினேன். மாவும் தேங்காயும், குழாய் மூலம், ஆவியில். அதை அப்படியே மின்னஞ்சலிலும் அனுப்பி, சரியா என்று கேட்டேன். அடுத்த நாள் வேறொரு அலுவலர் அழைத்தார். பிள்ளைக்குக் குழாய் மூலம் உணவு கொடுக்கிறீர்களா, எந்த வைத்தியசாலை அதை ஆரம்பித்தது என்று கேட்டார். புட்டுக் குழலை அவருக்கு விளங்கப்படுத்த இருபது நிமிடம் போனது. கடைசியில் அவர், "சரி, சோறு என்று போட்டுவிடுங்கள்" என்றார். பத்தொன்பது வருடங்களாக நான் இங்கே நிரப்பிய படிவங்களில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கின்றன. நாம் எதுவோ அதற்குக் கட்டம் இல்லாததால், பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் கோடு போடுகிறோம்.

திங்கள் இரவு நிலானி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழும்பினாள். செவ்வாயும் அப்படியே. பிறகு அறைக்குள் போய்ப் பாணுக்குள் சீஸ் வைத்துத் தின்பாள். அதுவும் அரைத்துண்டு.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலையில் பொதிகள் ஓடும் பட்டி ஒன்று பழுதாகி, பொதிகளைக் கையால் தூக்கியதில் இடுப்பு நோ. வந்து படுக்காமல் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன், கத்தரிக்காய் பொரித்தேன், புட்டு அவித்தேன். அவள் பீங்கான் தட்டைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசிக்கல்ல அப்பா" என்றாள்.

"இரு. இதத் தின்டு முடிச்சிட்டுத்தான் எழும்புற" என்றேன்.

அவள் இருந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். நான் வழக்கமாகச் சொல்வதை அன்றும் சொன்னேன். "சின்னனில நான் என்ன குடுத்தாலும் தின்டன். ஒரு சொல்லுச் சொன்னதில்ல. எங்கட அம்மா குவைத்தில. எனக்குச் சமைச்சது அக்கா, பதின்மூண்டு வயசுப் பிள்ளை. கருகின ரொட்டி. அதத் தின்டுதான் வளந்தன்."

அவள் இதை நூறு தடவை கேட்டிருப்பாள். ஒன்றரை மணித்தியாலம் அப்படியே இருந்தாள். சொதியில் ஆடை படிந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கடைசியில் நான்தான், "போ" என்றேன்.

பிறகு படிவத்தை எடுத்து, புதன்கிழமைக்கு நேரே நூற்றியெண்பது கிராம் என்று எழுதினேன். உண்மையில் ஒரு பிடி கூட இறங்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த நிலானி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

3

ஆலோசகருக்கு இருபத்தெட்டு வயதிருக்கலாம். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த அப்பிளும் கரட்டும் இருந்தன. படிவத்தைப் புரட்டி, "புதன்கிழமை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாய்" என்று நிலானியைப் பாராட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பிளைப் பார்த்தேன்.

பிறகு அவர் என்னிடம், மாலையில் உங்கள் வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்டார். நன்றாகச் சமைக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிடுகிறோம் என்று சொல்ல நினைத்தேன். டொச்சில் 'ஸட்' என்று ஒரு சொல் இருக்கிறது. வயிறு நிறைந்தது என்று பொருள். ஆனால் அதற்கு முன்னால் வரும் வினைச்சொல்லை மாற்றிப் போட்டால், வெறுத்துப் போச்சு என்று ஆகிவிடும். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். "ஒவ்வொரு மாலையும் எங்களுக்கு வெறுத்துப் போகிறது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

ஆலோசகரின் பேனா நின்றது. நிலானியைப் பார்த்து, அப்பா வேறு ஏதோ சொல்ல வந்தாரா என்று கேட்டார்.

"இல்லை," என்றாள் என் மகள், பிழையில்லாத டொச்சில். "சரியாகத்தான் சொன்னார்."

சிறுவயதில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்டார். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டேன் என்றேன். நிலானி சின்னப் பிள்ளையில் எங்கே சாப்பிட்டாள் என்று கேட்டார். பத்து மாதத்திலேயே அவளைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகவேண்டி இருந்தது. காலைப் பாலும் மதியச் சாப்பாடும் பின்னேரச் சாப்பாடும் அங்கேதான். மசித்த கரட், வெண்ணெய் போட்ட பாஸ்தா, ரவைக் கஞ்சி. இரவு நாங்கள் கூட்டிவரும்போது வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

"அப்படியென்றால் அவளுடைய நாக்குக்கு வீட்டுச் சாப்பாடு அதுதான்" என்றார் அவர். "சின்ன வயதில் தின்ற ருசி இலகுவில் போகாது. உங்களுக்கும் அப்படித்தானே."

ஆறு கிழமையில் மறுபடியும் வரச் சொன்னார். திரும்பும்போது பேருந்தில் எனக்கு அந்தப் பெண் மீது ஆத்திரம். என் மகளுக்கு எது வீட்டுச் சாப்பாடு என்று சொல்ல அவர் யார்? ஆனால் யோசித்துப் பார்த்தால் நிலானிக்குப் பல் முளைத்ததை முதலில் கண்டதே காப்பகத்து ஆசிரியைதான். மாலையில் எங்களிடம் சொன்னார், நாங்கள் வாயைத் திறந்து பார்த்தோம். அந்த நாக்கில் எங்கள் புட்டுக்கு எங்கே இடம்?

4

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணிக்கு அக்காவுக்கு அழைப்பேன். அங்கே அப்போது ஏழரை. அக்கா இரவுச் சமையலில் நிற்பாள். தொலைபேசியைத் தேங்காய் வைக்கும் தட்டில் சாத்தி வைத்துவிட்டுக் கதைப்பாள். முகம் பாதிதான் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா பொழுதுபடத் தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்கு மீனுக்குப் போய்விடுவார். இரவில் நானும் அக்காவும்தான். கோதம்பை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், வெறுந்தேநீர். ரொட்டியின் நடு வேகாது, ஓரம் கருகியிருக்கும். இன்றைக்கும் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சுகந்தி மெல்லிதாக, பதமாகச் சுட்டுத் தந்தால் எனக்குப் பிடிக்காது. கருக விடு என்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம், படிவம், ஆலோசகர், மகள் சொன்னது.

"நாம சின்னனில என்ன தந்தாலும் தின்டம்தானே அக்கா. இவளுக்கு மட்டும் என்ன வந்த?"

"நாமளா?" அக்கா சிரித்தாள். "நான் தின்டன். நீ எங்க தின்ட?"

"ஏன், ரொட்டி தின்னல்லயா?"

"ஓம், ரொட்டி தின்டாய். ரொட்டி மட்டுந்தான் தின்டாய். அம்மா போன மறுகா சோத்தக் கண்டா பீங்கானத் தள்ளி விடுவாய். திரளி மீன் ஆக்கித் தந்தன், இறால் ஆக்கித் தந்தன், அப்பா கொண்டு வந்த நண்டு ஆக்கித் தந்தன். அம்மா வந்து குழைச்சுத் தந்தாத்தான் சோறு தின்னுவன் எண்டு நிண்டாய். ரெண்டரை வருசம்கா."

"எனக்கு அப்பிடி ஞாபகம் இல்ல."

"உனக்கு எப்பிடி இருக்கும். மா குழைச்சது நான்தானே." அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "ஒருநாள் மா இல்ல. சோறுதான் இருந்த. நீ பீங்கானத் தூக்கி முற்றத்தில எறிஞ்சாய். நான் பொறுக்கி எடுத்துக் கழுவிக்கொண்டு நிண்டு அழுதன். மறுகா பக்கத்து வீட்டில மா கடன் கேட்டு வந்து சுட்டன். அண்டையில இருந்து எனக்கு ரொட்டி எண்டாலே வெறுப்பு. இப்பயும் உன்ட அத்தான் ரொட்டி கேட்டா, கடையில வாங்கித் தின்னுங்க எண்டுதான் சொல்ற."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்த கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத்தான் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. என்ன தந்தாலும் தின்ற அந்தப் பையனை நான் எங்கிருந்து கண்டுபிடித்தேன்? இத்தனை வருடமும் அவனை என் மகளின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, பார், இவனைப் போல் இரு என்று சொல்லிக்கொண்டிருந்தேனே.

"அது சரி," என்றாள் அக்கா, "உன்ட மகள் எப்ப இருந்து தின்னல்ல?"

"குளிருக்கு முன்னாலயிருந்து. சுகந்திக்கு வேலை நேரம் மாறின..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

அக்கா அடுப்பைக் குறைத்தாள். பிறகு, "நல்லா யோசி" என்றாள்.

தொலைபேசியை வைக்கப்போன நேரம் எனக்குத் தோன்றியது. "அக்கா, அப்ப உங்களுக்கு என்ன விருப்பமா இருந்த?"

"எனக்கா?"

"ஓம். தின்ன."

"அது தெரியாதுகா. நீங்க மிச்சம் வச்சதத் தின்டன்." அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். "கறி அடிப்பிடிக்குது. வைக்கிறன்."

5

நான் பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்டவன்போல் நிலானியின் அறைக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் இருந்து, அக்கா சொன்னதை எல்லாம் சொன்னேன். பீங்கானை எறிந்ததையும் மறைக்கவில்லை. கடைசியில், "உனக்கும் அம்மா இல்லாமத் தின்ன ஒண்ணாம இருக்கு, என்ன? எனக்கு இப்பத்தான் விளங்குது" என்றேன்.

அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்ல அப்பா."

"இல்லயா?"

"அம்மா வேலை செய்ய வேணும். எனக்கு அது விளங்கும்." அவளுடைய தமிழ் சொல் சொல்லாகத் தேடித்தேடி வரும். "நீங்க நிக்கிறீங்க. அதுதான்."

"எங்க நிக்கிற?"

"நான் சாப்பிடக்குள்ள. குசினியில, கையக் கட்டிக்கொண்டு. நீங்க சாப்பிட மாட்டீங்க. என்ட வாயப் பாப்பீங்க. ஒரு..." கவளம் என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. கையால் அள்ளி வாயில் வைப்பதுபோல் காட்டினாள். "ஒவ்வொண்டா எண்ணுறீங்க. எனக்குத் தொண்டை மூடும். அம்மா எண்டா இருந்து சாப்பிடுவா. தன்ட வேலைக் கதை சொல்லுவா. என்னப் பாக்க மாட்டா."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சமைத்தவன் நிற்காமல் என்ன செய்வான்? எல்லாரும் தின்று முடித்த பிறகுதானே சமைத்தவர் இருப்பது. அக்கா அப்படித்தான் நின்றாள், அடுக்களை வாசலில், நான் கடைசித் துண்டை விழுங்கும்வரை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் தின்னாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற பயத்தில் நின்றிருப்பாள். சமைக்க மட்டும் நான் அவளிடம் படிக்கவில்லை.

"புதன்கிழமை நூற்றியெண்பது கிராம் எண்டு ஏன் எழுதினீங்க?" என்று நிலானி கேட்டாள்.

"வெக்கமா இருந்த."

"எனக்கும்" என்றாள்.

நான் எழும்பும்போது, நாளைக்கு என்ன சமைக்க என்று கேட்டேன். "பாஸ்தா. வெண்ணெய் மட்டும்" என்றாள். அந்தக் காப்பகத்துச் சாப்பாடு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அடுப்பில் இரண்டு பானை. அவளுக்குப் பாஸ்தா, எனக்குப் புட்டும் இறால் கறியும். ஆறரைக்கு அவள் எதிரே நானும் இருந்தேன். முதல் பத்து நிமிடம் கழுத்து தானாக அவளுடைய தட்டின் பக்கம் திரும்பப் பார்த்தது. யன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். பொதிகளுக்குள் அன்றைக்கு உயிரோடு ஒரு கோழிக்குஞ்சுப் பெட்டி வந்து, மேற்பார்வையாளர் அதைத் தன் அறையில் வைத்துக்கொண்டு தவித்த கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். எவ்வளவு தின்றாள் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது தட்டு கழுவும் தொட்டியில் இருந்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். என் புட்டை அவள் இன்னும் தொடுவதில்லை. சில நாட்கள் பாஸ்தாவையும் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறாள். அந்த நேரம் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வருகிறது. வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி சுகந்தி கொடுத்த விண்ணப்பத்துக்கு, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு நிலானியின் எடை சிறிது கூடியிருந்தது. ஆலோசகருக்குச் சந்தோஷம். மூன்று மாதத்துக்கு இன்னொரு படிவம் தந்தார். புதிய படிவத்திலும் புட்டுக்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமை எழுதியது பொய் என்று அவரிடம் நானே சொன்னேன். பல பெற்றோர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

6

போன ஞாயிறு நான்கு மணிக்கு நான் அக்காவுக்கு அழைத்தபோது நிலானி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஊர் அழைப்பு என்றால் கையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவாள். அன்று தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாமி, இண்டைக்கு என்ன சமைச்ச?"

அக்காவுக்கு முதலில் யார் பேசுகிறது என்று பிடிபடவில்லை. பிறகு பாதி முகம் முழு முகமாக ஆனது. "ஆரு, என்ட மருமகளா? சோறும் திரளி ஆணமும் மனே."

"உங்களுக்கு அது விருப்பமா?"

"மாமாவுக்கு விருப்பம்."

"உங்களுக்கு?"

அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. வயலுக்குப் போன அத்தான் இன்னும் வரவில்லை போல. அக்கா தொலைபேசிக்குக் கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் சொன்னாள்.

"தலை எண்டா விருப்பம் மனே. திரளித் தலை. நல்ல நெய் கிடக்கும். தின்டு பாத்ததில்ல, மணத்தத்தான் கண்டிருக்கிறன். முந்தி அப்பாவுக்கு. இப்ப மாமாவுக்கு."

நிலானி என்னைப் பார்த்தாள். "நெய் எண்டா என்ன அப்பா?" என்றாள். மீனின் கொழுப்பு என்றேன். அவள் மறுபடி திரும்பினாள்.

"இண்டைக்கு நீங்க தின்னுங்க மாமி. மாமா வர முதல்."

"ஐயோ, அது சரிவராது மனே."

"ஏன் சரிவராது?"

அக்கா சிரித்தாள், கறியைக் கிண்டினாள், பாடம் எல்லாம் எப்படிப் போகுது என்று கேட்டாள். நிலானி எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

வைத்து ஒரு மணித்தியாலம் இருக்கும். மகளின் தொலைபேசிக்கு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. எனக்கு வரவில்லை, அவளுக்குத்தான் வந்தது. ஒரு பீங்கான். அதன் ஓரத்தில் சப்பி எடுத்த மீன் தலையின் எலும்புகள், ஒன்றில் கூடச் சதை இல்லாமல், வெள்ளையாக.

நிலானி அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுக்கத் தின்டுட்டா" என்றாள்.